ஸ்டேட்டிக் ரூட் (கையால போட்ட வழி) டேபிள்ல நிக்குது, பாக்கெட் பழைய வழியிலயே போவுதே, ஏன்?

பாளை_நெட்:
பாளையங்கோட்டை ஆபீஸ்லேர்ந்து தென்காசி கிளைக்கு ரெண்டு லிங்க். ஃபைபர்ல ஓஎஸ்பிஎஃப் (ரூட்டருங்க தங்களுக்குள்ள வழி சொல்லிக்கிற முறை) ஓடுது, அதுல 10.20.5.0/24 வருது. டிராஃபிக்கை ரேடியோ பக்கம் திருப்ப 10.20.0.0/16-க்கு ஸ்டேட்டிக் போட்டிருக்கு. ஸ்டேட்டிக்குக்கு டிஸ்டன்ஸ் (வழி எங்கேர்ந்து வந்துச்சுன்னு பாத்து ரூட்டர் தர்ற எண், சின்னதுதான் ஜெயிக்கும்) 1, ஓஎஸ்பிஎஃப்புக்கு 110. ஸ்டேட்டிக்தானே ஜெயிக்கணும்? 'ஷோ ஐபி ரூட்'ல ரெண்டும் நிக்குது, 10.20.5.40-க்கு ட்ரேஸ் போட்டா ஃபைபர்லதான் போவுது. ஃபார்வர்டிங் டேபிள்ல (பாக்கெட்டை அனுப்பும்போது ரூட்டர் பாக்குற பட்டியல்) ஏதும் கோளாறா அண்ணாச்சி?

பொருநைக்கரை:
கோளாறு ஒண்ணும் இல்ல, ரூட்டர் சரியாத்தான் செய்யுது. ஒரே பிரிஃபிக்ஸ் (நெட்வொர்க் முகவரி), ஒரே மாஸ்க் (அதுல எத்தனை பிட்டுன்னு சொல்ற /16, /24 எண்) ரெண்டு இடத்துலேர்ந்து வந்தாத்தான் டிஸ்டன்ஸுக்கு வேலை. உங்களது /16, அது /24. ரெண்டுக்கும் போட்டியே கிடையாது, ரெண்டும் ரூட்டிங் டேபிள்ல ஏறி ஃபார்வர்டிங் டேபிளுக்கும் போயிரும். பாக்கெட் வரும்போது டிஸ்டன்ஸ், மெட்ரிக் (வழியோட செலவுக் கணக்கு) எதையும் யாரும் பாக்க மாட்டாங்க. அதிக பிட் எங்க பொருந்துதோ அங்க போவும். 10.20.5.40-க்கு 24 பிட் பொருந்துற வரி இருக்கையில 16-க்கு என்ன மதிப்பு?

ஸ்டேட்டிக்கை 10.20.5.0/24-ன்னே போடுங்க. ஓஎஸ்பிஎஃப் வரி டேபிளை விட்டு இறங்கிரும். தென்காசி ரூட்டர்லயும் திரும்பி வர்ற வழியை மாத்துங்க. போறது ரேடியோ, வர்றது ஃபைபர்னு ஆச்சுன்னா நடுவுல நிக்குற ஃபயர்வால் பதில் பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுரும்.

குறிச்சி_ரூட்டர்:
ஸ்டேட்டிக்ல நெக்ஸ்ட் ஹாப்பா (பாக்கெட் அடுத்து போய்ச் சேர்ற ரூட்டர்) ஐபி எண்ணையே குடுங்க. ஈதர்நெட்ல வெறும் இன்டர்ஃபேஸ் பேரைக் குடுத்தா, போற ஒவ்வொரு முகவரிக்கும் ரூட்டர் ஏஆர்பி (இந்த ஐபியோட மேக், அதாவது வன்பொருள் முகவரி, என்னங்குற கேள்வி) கேட்டுக்கிட்டுக் கெடக்கும்.

சோதிக்க 'ஷோ ஐபி செஃப் 10.20.5.40' அடிங்க, ஃபார்வர்டிங் டேபிள் என்ன செய்யப்போவுதுன்னு அதுல தெரியும். லினக்ஸ் பெட்டின்னா 'ஐபி ரூட் கெட்'. நெக்ஸ்ட் ஹாப்போட மேக் கிடைக்கலன்னா ரூட்டிங் டேபிள் பாக்க லட்சணமா இருக்கும், பாக்கெட் மட்டும் போவாது. 'ஷோ ஐபி ஏஆர்பி'ல அந்த வரி 'இன்கம்ப்ளீட்'னு நிக்கும்.

ரூட்டிங், ஃபார்வர்டிங் ரெண்டு டேபிளும் ஹார்டுவேர் நினைவகம் நிறைஞ்சா நெசமாவே ஒத்துப்போகாம ஆவலாம். 2014 ஆகஸ்ட் 12-ல இணைய ரூட் 5,12,000-ஐத் தாண்டினப்ப பழைய ரூட்டர் பல அப்படித்தான் தடுமாறுச்சு. கிளை ஆபீஸ்ல அந்தக் கவலை வேண்டாம்.

பாளை_நெட்:
சரி அண்ணாச்சி. ரேடியோ விழுந்தா ஓஎஸ்பிஎஃப் தானா ஏறிருமா?

பொருநைக்கரை:
தானா ஏறாது. காத்துல சிக்னல் போனாலும் ரேடியோ பெட்டிக்கும் ரூட்டருக்கும் நடுவுல கேபிள் உயிரோடதான் இருக்கும், ஸ்டேட்டிக் அசையாது. பிங் வச்சு ட்ராக் போடுங்க, பிங் விழுந்தா ஸ்டேட்டிக் இறங்கிரும். பிங்கை ரேடியோ லிங்க்கோட அந்தப் பக்க எண்ணுக்கு அடிக்கணும். தென்காசி லேன் எண்ணுக்கு அடிச்சா, ஸ்டேட்டிக் இறங்கின உடனே ஃபைபர் வழியா பதில் வந்துரும், ஸ்டேட்டிக் திரும்ப ஏறும், பிங் மறுபடி விழும். ராத்திரி பூரா இதே கூத்துதான்.