மறு: பிராட்ஹெட்டுக்கு என்ன சொல்லு? அகல்தலையா, அலகுமுனையா?

எல்லாருக்கும் வணக்கம்,

வேட்டை அம்போட நுனியில மாட்டுற பிளேடு வச்ச தலைதான் பிராட்ஹெட், அதத் தீட்டுறதப் பத்தின நம்ம மொழிபெயர்ப்புக்குச் சொல்லு தேடிட்டு இருக்கோம். ஐயா சொன்ன "அகல்தலை" காதுக்கு நல்லாத்தான் இருக்கு, ஆனா அதுல பொருளோட உருவம்தான் தெரியுது, வேலை தெரியல. பழகுறதுக்கு விடுற அம்புல இருக்கிறது சும்மா ஒரு கூம்பு, அது குத்தும், அவ்வளவுதான். மான் வேட்டைக்கு மாட்டுற தலையில ரெண்டோ மூணோ பிளேடு இருக்கும், அது ரத்தக்குழாய வெட்டணும், ரத்தம் போய்த்தான் மான் விழும், துப்பாக்கிக் குண்டு மாதிரி அடியோட வேகத்துல சாய்க்கிறது அம்பால ஆகாது. மழுங்கின பிளேடா இருந்தா குழாய அறுக்காம ஒதுக்கித் தள்ளிட்டுப் போயிடும், மான் காயத்தோட ஓடிப் போய் எங்கயாவது கிடந்து வதைபடும். அமெரிக்காவுல வில் வேட்டைக்காரங்க கூர் விஷயத்துல இவ்ளோ கறாரா இருக்கிறது அதனாலதான்.

அதனால என் ஓட்டு அலகுமுனைக்கு, அலகுன்னா பிளேடுதான். அலகுன்னா யூனிட்னு குழம்பாதான்னு கேட்டிருந்தீங்க, அலகு குத்துறதுன்னு சொன்னா நம்ம ஊர்ல யாருக்கும் அளவைக் கணக்கு ஞாபகம் வராது, இடத்த வச்சு புரிஞ்சிடும்.

அடுத்தது நுனி. இதுக்கு புதுசா ஒண்ணும் செய்ய வேணாம், நுதினு பழைய சொல்லே இருக்கு. புறநானூறு 95ல அதியமானோட வேலுங்க பகைவரைக் குத்திக் குத்தி "கோடுநுதி சிதைந்து" கொல்லன் பட்டறையில கிடக்குதுன்னு ஔவையார் பாடுறாங்க இல்லையா, நாம பேசிட்டு இருக்கிறதும் அதே சிதைஞ்ச நுதியத்தான்! மெலிசான நுதி விலா எலும்புலயோ தோள் எலும்புலயோ பட்டா சுருண்டுக்கும், சுருண்டுடுச்சுன்னா அம்பு மேல போகாது. அதுக்குத்தான் நுதிய கொஞ்சம் அரத்தால பின்னுக்கு ராவி, குட்டையா செங்குத்தா ஒரு சரிவு வைக்கிறாங்க, டான்டோ நுனிங்கிறது இதத்தான். தம்பி "கட்டைநுதி"ன்னு போட்டிருந்தாரு, வேணாம்பா, கட்டைக் கத்தின்னா கூர் இல்லாததுன்னுதானே அர்த்தம், இது தடிமனா இருந்தாலும் கூராவும் இருக்கணும். தடிநுதி சரியா வரும்னு தோணுது.

ராவும்போது எடையும் குறையும், அம்புத் தலைய கிரெயின்ங்கிற சின்ன எடை அளவுலதான் சொல்லுவாங்க, 125 கிரெயின் தலைன்னா சுமார் 8.1 கிராம்தான், அதுல ஒண்ணுல மட்டும் அஞ்சாறு கிரெயின் போயிட்டா மத்த அம்போட சேராது, எல்லாத்தையும் ஒரே எடைக்குக் கொண்டு வரணும். (கிரெயினுக்கு குன்றிமணின்னு வைக்க வேணாம், ஒரு குன்றிமணி கிட்டத்தட்ட ரெண்டு கிரெயின், கணக்கே தப்பாயிடும். கிரெயின்னே இருக்கட்டும்.)

தீட்டுறதுக்கு சொல்லு பஞ்சமே இல்ல, அரம், சாணை, பிசிறு, வாய் (வெட்டுற விளிம்பு), எல்லாம் பட்டறையிலயே இருக்கு. அலகு வாயோட சரிவு முழுக்க மார்க்கர் மை பூசி அரத்துல ஒரு இழுப்பு இழுத்தா மை எங்க போகுதோ அங்கதான் அரம் படுதுன்னு தெரியும், கோணம் மாறாம எதிர்ப்பக்கம் பிசிறு எழும்புற வரைக்கும் ராவி, அப்புறம் கல்லு, கடைசியா தோல்ல இழுத்து பிசிற எடுக்கணும். மூணு அலகு உள்ளது இன்னும் சுலபம், ரெண்டு அலகு சேர்ந்தாப்ல அரத்து மேல படுக்கும், கோணம் தானா வந்துடும். மோட்டார் சாணையில வச்சு சூடேறி நீலம் பாரிக்க விட்டா தோய்ச்சல், அதாவது காய்ச்சித் தோய்ச்சு ஏத்தின உறுதி, போயிடும், அப்புறம் எவ்வளவு தீட்டினாலும் கூர் நிக்காது. மொழிபெயர்ப்புல "டெம்பர்"னு விட்டிருக்கீங்க, அங்க தோய்ச்சல்னே போடுங்க, பட்டறையில புழங்குற சொல்லு அது.

எனக்கு இன்னும் பிடிபடாதது சிங்கிள் பெவல்தான். ஒரே பக்கம் மட்டும், பெரும்பாலும் 25 டிகிரியில சரிவு வச்ச வாய். அம்பு எப்படி ஊடுருவுதுன்னு ஆராய்ஞ்ச எட் ஆஷ்பி 1980கள்ல தென்னாப்பிரிக்காவோட நட்டால்ல செஞ்ச சோதனைகளுக்கு அப்புறம் இது ரொம்பப் பரவிச்சு, ஒருபக்கச் சரிவு உள்ள போகும்போதே முறுக்கிக்கிட்டுப் போய் எலும்பப் பிளக்குதுங்கிறது அவர் சொன்னது. இடப்பக்கச் சரிவுன்னா அம்பைச் சுழல வைக்கிற வால் இறகும் இடப்பக்கமா திருகி ஒட்டியிருக்கணும், மாறிப்போச்சுன்னா ரெண்டு சுழற்சியும் ஒண்ணையொண்ணு தடுக்கும், அதனால சொல்லுல பக்கமும் வரணும், "இடச்சரிவு வாய்", "வலச்சரிவு வாய்"னு. பொதுவா ரெண்டுக்கும் சேர்த்து "ஒருசரிவு வாய்"னு இப்போதைக்கு வச்சிருக்கேன், ஆனா தச்சு ஆசாரிங்க உளியில இதே சரிவத்தானே வைக்கிறாங்க, அவங்க இதுக்கு ஒரு பேரு வச்சிருக்கணும். ஆசாரிங்க பழக்கம் உள்ளவங்க யாராவது கேட்டு எழுதுங்களேன், கிடைச்சா என் சொல்ல எடுத்துட்டு அதையே போட்டுடலாம்.