பொட்டலத்துல இருக்கறது கஞ்சாதான்னு லேப்ல எப்படி கண்டுபுடிக்கிறாங்க?

வியாசர்பாடி பையன்:
எங்க தெருல ஒரு அக்காவோட பையன பொட்டலத்தோட புடிச்சிட்டாங்க. நீ கெமிஸ்ட்ரி தானப்பா படிக்கிற, காஞ்சிபோன தழைய பாத்து இதுதான்னு எப்டி சொல்வாங்கன்னு அக்கா என்கிட்ட கேக்கறாங்க. ஸ்பாட்லயே கிட் வெச்சி பாத்தாங்களாம், ஊதா கலர் வந்துச்சாம். அது ஒண்ணு போதுமா? தப்பா சொல்லி அவங்கள அலையவிட மனசு வரல, தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ராயபுரம் லேப்:
போதாது தம்பி. கிட்டுங்கறது சந்தேகத்துக்குதான், முடிவுக்கு இல்ல. நீ சொல்ற ஊதா அநேகமா டியூக்கெனாய்-லெவின் டெஸ்டா இருக்கும், அதுல வெனிலின், அசிட்டால்டிஹைட், அப்புறம் அடர் ஹைட்ரோகுளோரிக் ஆசிட். ஊதா வந்தா மட்டும் பத்தாது, குளோரோஃபார்ம் ஊத்தி குலுக்குனா அந்த ஊதா கீழ்லேயருக்கு இறங்கணும். வேற சில செடிங்களும் ஊதா காட்டும், இதுல நிறைய கழண்டுடும், எல்லாமே கழண்டுடும்னு சொல்ல முடியாது.

லேப்ல மொத வேலை மைக்ராஸ்கோப்தான், எனக்கு ரொம்ப புடிச்ச வேலையும் அதான். இலையோட மேல்பக்கம் கரடி நகம் மாதிரி வளைஞ்ச குட்டை முடி இருக்கும், அதோட அடியில கால்சியம் கார்பனேட், நீர்த்த ஆசிட் ஒரு சொட்டு விட்டா நுரைக்கும். அடிப்பக்கம் நீளமான முடி, பூவுல பிசின் சுரக்கற முடி. இந்த மாதிரி நுரைக்கற முடி வேற செடியிலயும் உண்டு, அதனால எல்லாத்தையும் சேத்துதான் பாக்கணும்.

அப்புறம் டிஎல்சி, அதாவது சாறை மெல்லிய தகட்டுல ஏறவிட்டு உள்ள இருக்கறத தனித்தனி புள்ளியா பிரிக்கறது. ஃபாஸ்ட் ப்ளூங்கற சாயம் தெளிச்சா கஞ்சால இருக்கற சேர்மங்க கலர் காட்டும்: போதை தர்ற டிஎச்சி சிவப்பு, சிபிடி ஆரஞ்சு, சிபிஎன் ஊதா. கடைசியா ஜிசி-எம்எஸ், சேர்மங்கள பிரிச்சி, உடைச்சி, துண்டுகளோட எடைய அளக்கற மெஷின். டிஎச்சி, சிபிடி ரெண்டுக்குமே மூலக்கூறு எடை 314, அதனால எடைய மட்டும் பாத்து சொல்லவே கூடாது, மெஷின்ல எப்ப வெளிய வருது, எப்டி உடையுதுன்னு பாத்துதான் பிரிக்கணும், டிஎச்சிக்கு 299 எடையுள்ள துண்டோட கோடு உசரமா வரும், சிபிடிக்கு 231.

தண்டையார்பேட்டை வக்கீல்:
அண்ணன் சொன்னதோட ஒண்ணு சேத்துக்கோங்க, கேஸ்ல இது முக்கியம். 1985 என்டிபிஎஸ் சட்டத்துல, அதாவது போதைப்பொருள் சட்டத்துல, கஞ்சான்னா செடியோட பூத்த, இல்ல காய்ச்ச நுனி. நுனி இல்லாம வெறும் இலையும் விதையும் மட்டும் இருந்தா அது கஞ்சா கணக்குல வராது. ஆனா இலையிலயும் டிஎச்சி இருக்கு! மெஷின் இருக்குன்னுதான் சொல்லும், எந்த பாகம்னு சொல்லாது. அதனால ரிப்போர்ட்ல பூ நுனி பாத்ததா எழுதியிருக்கான்னு மொதல்ல தேடுங்க. அப்புறம் எடை, 1 கிலோவுக்கு கீழ சிறிய அளவு, 20 கிலோவுக்கு மேல வணிக அளவு, ஜாமீன் அங்கதான் இறுகும். 2022 விதிப்படி மாஜிஸ்ட்ரேட் முன்னாடி 24 கிராம் சாம்பிள் ரெண்டு செட் எடுக்கணும், அந்த பேப்பரையும் கேட்டு வாங்குங்க. வக்கீல் வைக்க வசதி இல்லன்னா இலவச சட்ட உதவிக்கு மனு போடலாம், அக்காகிட்ட இத கண்டிப்பா சொல்லுங்க.

காசிமேடு:
சும்மா ஏதோ தழைல கெமிக்கல் தெளிச்சி விக்கறாங்களே, அது மாட்டுமா?

ராயபுரம் லேப்:
மைக்ராஸ்கோப்ல கஞ்சா முடி இருக்காது, ஊதாவும் பொதுவா வராது. ஜிசி-எம்எஸ்ல போட்டா மாட்டும், அதுவும் ஒப்பிட்டு பாக்க அந்த கெமிக்கலோட ரெஃபரன்ஸ் கையில இருந்தாதான் பேர் சொல்லி எழுத முடியும்.