குளியலறை வாசலில் தரை அமுங்குகிறது, அடியில் சட்டம் உளுத்திருக்கிறது: முழுதாக மாற்ற வேண்டுமா?

கேள்வி:
பலகைத் தரை போட்ட பழைய வீடு. குளியலறை வாசலுக்கு வெளியே கால் வைத்தால் தரை லேசாக அமுங்குவது போல இருந்தது, பலகையைப் பெயர்த்துப் பார்த்தேன். கீழே தாங்குகிற சட்டங்களில் இரண்டு, சுவருக்குள் நுழைகிற முனையில் கறுத்துப் போயிருக்கின்றன. திருப்புளியை வைத்து அழுத்தினால் வெண்ணெயில் இறங்குவது போல இறங்குகிறது, வெளியே இழுத்தால் பழுப்பாகச் சின்னச் சின்னக் கட்டியாக உதிர்கிறது. மீதி நீளம் கெட்டி. முனையில் மட்டும் எபாக்ஸி (கலந்து ஊற்றினால் இறுகிவிடும் பிசின்) ஊற்றினால் போதுமா, இல்லை சட்டத்தையே மாற்ற வேண்டுமா?

பதில் 1:
எபாக்ஸி வேண்டாம். ஜன்னல் சட்டத்தில் ஒரு மூலை போனால் அது சரி, ஆனால் இங்கே அந்த முனைதான் பாரம் முழுவதையும் சுவருக்குக் கடத்துகிறது. முழுதாக மாற்றவும் அவசியமில்லை. உளுத்த பகுதியை, கெட்டி மரம் தெரிகிற வரைக்கும், அதற்கு மேலும் கொஞ்சம் சேர்த்தே அறுத்துவிட்டு, அதே உயரமுள்ள புதுச் சட்டத்தைப் பக்கத்தில் ஒட்டி வைத்து போல்ட் போட்டு முடுக்குங்கள். புதுச் சட்டம் நல்ல மரத்தோடு குறைந்தது 90 செ.மீ. சேர்ந்து ஓட வேண்டும், முடிந்தால் இன்னும் நீளமாக. போல்டுகளை ஒரே கோட்டில் போடாமல் மேலும் கீழுமாக மாற்றி மாற்றிப் போடுங்கள், இல்லையென்றால் மரம் அந்தக் கோட்டிலேயே பிளக்கும்.

அறுப்பதற்கு முன்னால் முட்டு கொடுப்பதை மறக்காதீர்கள். ஜாக்கியை வெறும் மண்மேல் வைக்காமல் அகலமான கனத்த பலகைமேல் வைத்து, நாளுக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டராகத் தூக்குங்கள். அவசரப்பட்டால் மேலே சுவர் பூச்சு விரிசல் விடும். அந்தச் சட்டங்கள்மேல் சுவர் ஏதாவது நின்றால் நீங்களே கை வைக்காமல் ஒரு பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

பதில் 2:
மேலே சொன்னது சரிதான், ஆனால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். எங்கள் வீட்டில் நாங்கள் அதைப் பார்க்காமல் புது மரம் போட்டு மூடினோம், நாலே வருடத்தில் அதே இடத்தில் அதே கறுப்பு. மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சை வேலை செய்யாது, அதனால் மருந்து அடிப்பதைவிட ஈரத்தை நிறுத்துவதுதான் முக்கியம். அப்புறம் இன்னொன்று, புது முனையைச் சுவர்க் குழிக்குள் கலவை வைத்து இறுக்கி அடைக்காதீர்கள். செங்கல்லில் இருக்கிற ஈரத்தை மரம் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். முனைக்குக் கீழே தார் ஷீட் ஒரு துண்டு, பக்கங்களிலும் மேலேயும் முனையிலும் ஒரு விரல் அகலம் காற்றிடம் விடுங்கள். அறுத்த முகத்தில் மரப் பாதுகாப்பு மருந்தைத் தாராளமாகப் பூசுங்கள், மரம் அதிகம் உறிஞ்சுவது அந்த இடத்தில்தான்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. நேற்று கீழே இறங்கி டார்ச் அடித்துப் பார்த்தேன். குளியலறைக் கழிவுக் குழாய் இணைப்பில் ஒரு துளி தொங்குகிறது, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விழுந்தது. சுவரடியில் இருக்கிற காற்றுத் துவாரமும் வெளியே குவிந்த மண்ணால் அடைபட்டிருக்கிறது.

பதில் 1:
அப்போ காரணம் இரண்டும் கிடைத்துவிட்டது. இணைப்பை மாற்றுங்கள், வெளியே மண்ணைத் துவாரத்துக்குக் கீழே வரைக்கும் வெட்டி எடுங்கள், எதிர்ச் சுவரிலும் ஒரு துவாரம் திறந்திருக்கிறதா பாருங்கள், காற்று குறுக்கே ஓடினால்தான் பயன். தரைக்கு அடியில் மண் திறந்து கிடந்தால் அதன்மேல் கனமான பாலித்தீன் தாளை ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி விரித்துவிடுங்கள். மருந்தேற்றிய மரம் வாங்கினால் போல்ட், வாஷர் எல்லாம் கால்வனைஸ் செய்ததாகவோ (துத்தநாகப் பூச்சு போட்டது) ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாகவோ இருக்கட்டும், அந்த மருந்தில் இருக்கிற தாமிரம் சாதா இரும்பைத் தின்றுவிடும். பலகையை உடனே மூடிவிடாதீர்கள். பழைய சட்டம் காய வாரக்கணக்கில் ஆகும், ஈரப்பத மீட்டரில் 20க்குக் கீழே காட்டிய பிறகு ஆணி அடியுங்கள்.