ரீ: இடுப்பு மூட்டு 'இன்ஸ்டபிலிட்டி' – நிலையின்மையா, நழுவுதன்மையா?

எல்லாருக்கும் வணக்கம், 'இன்ஸ்டபிலிட்டி'க்குத் தமிழ்ச் சொல் தேடற பேச்சுக்கு என் பதில் இது,

> 'நிலையின்மை'ன்னே வெச்சுக்கலாமே, ஏற்கெனவே புழக்கத்துல இருக்கு, புதுசா எதுக்கு?

புழக்கத்துல இருக்கு, சரிதாங்க, ஆனா எங்க? கூட்டணி ஆட்சி, பங்குச்சந்தைன்னு பேசறப்ப. நான் டாக்டர் இல்ல, எக்ஸ்ரே ரூம்ல வேலை பாக்கிறவன், படத்துல தெரியறத வெச்சுத்தான் பேசறேன். மூட்டு முழுசா விலகியிருந்தா படத்துலயே தெரிஞ்சிடும், அதுக்கு 'மூட்டு விலகல்'னு நல்ல பேரும் இருக்கு. நாம பேசறது அது இல்லையே, இடுப்பெலும்புல உள்ள கிண்ணம் லேசா ஆழம் கம்மியா வளந்திருக்கு, பந்து, அதாவது தொடை எலும்புத் தலை, அது இடத்துலதான் உக்காந்திருக்கு, ஆனா நடக்கறப்ப "காலு கழண்டுக்கிற மாதிரி இருக்கு"ங்கறாங்க. நிலை போகல, போகப் பாக்குது. அதனால என் ஓட்டு 'நழுவுதன்மை'க்கு.

'தளர்ச்சி'ன்னு சொன்னவருக்கு: அத மூட்டைச் சுத்தி இருக்கிற நாரு தொய்ஞ்சு போறதுக்கு, அதாவது லாக்சிட்டிக்கு, விட்டு வெப்போம். ரெண்டுக்கும் ஒரே பேரு வெச்சா ரிப்போர்ட் படிக்கிறவன் பாவம்.

ஏன் இவ்ளோ இழுக்கறேன்னா இதுல சிகிச்சையே மாறுது. டாக்டர் விபர்க் 1939ல சொன்ன கோணம் இருக்கே, பந்தோட நடுவுலேருந்து நேரா மேல ஒரு கோடு, கிண்ணக் கூரையோட வெளி விளிம்புக்கு ஒரு கோடு, 25 டிகிரிக்கு மேல நார்மல், 20க்குக் கீழ குறைவளர்ச்சி. 22னு வந்தா திரிசங்கு சொர்க்கம்தான். அதுலயும் சிலர் எலும்போட கடைசி முனைக்குக் கோடு போடுவாங்க, சிலர் கிண்ணக் கூரைல தெரியற வெள்ளைப் பட்டை முடியற எடத்துக்குப் போடுவாங்க, ஒரே படம் ரெண்டு கோணம். படுக்க வெக்கிறப்ப இடுப்பு கொஞ்சம் திரும்பிட்டாலும் போச்சு.

அந்த வெள்ளைப் பட்டைக்கு பிரெஞ்சுல 'சூர்சில்', புருவம்னு அர்த்தம். படத்துல பாத்தா அப்படியே புருவம் மாதிரிதான் வளைஞ்சு இருக்கும். கண்ண மூடிட்டு 'புருவம்'னே வெச்சுடலாம்.

இந்த 22 மாதிரி கேசுக்குத்தான் 2017ல ஃபியர் இண்டெக்ஸ் வந்துச்சு. 'பயக் குறியீடு'ன்னு ஒரு மொழிபெயர்ப்புல பாத்து சிரிச்சிட்டேன், அது 'ஃபெமரோ-எபிஃபிசியல் அசிடாபுலர் ரூஃப்'ங்கறதோட வெறும் எழுத்துச் சுருக்கம்ங்க! தொடை எலும்புத் தலைல சின்ன வயசுல இருந்த வளர்ச்சித்தட்டு மூடினப்புறம் ஒரு தழும்புக் கோடு நிக்கும், அதோட நடுப்பகுதிக்கும் புருவத்துக்கும் நடுவுல உள்ள கோணம்தான் இது. வளர்ற வயசுல மூட்டுல விசை எந்தப் பக்கம் போச்சோ அதுக்குத் தக்கபடி தட்டு திரும்பிக்கும்னு கணக்கு. கோணம் வெளிப்பக்கமா 5 டிகிரிக்கு மேல விரிஞ்சா சந்தேகம், உள்பக்கமா விரிஞ்சாலோ 5 டிகிரிக்குக் கீழ இருந்தாலோ பெரும்பாலும் உறுதியான மூட்டு. நழுவுற மூட்டுன்னா சுவிட்சர்லாந்து பெர்ன்ல டாக்டர் கான்ஸ் 1984ல ஆரம்பிச்ச ஆபரேஷன் மாதிரி கிண்ணத்தையே வெட்டித் திருப்பி வெக்கணும். அது தெரியாம துளை போட்டு உள்ள மட்டும் சரி பண்ணா வலி அப்படியே நிக்கும், சிலருக்கு இன்னும் மோசமாகும். எந்தக் கோணமும் தனியா தீர்ப்பு சொல்லாது, ஆளையும் தொட்டுப் பாக்கணும்.

ஃபியர் இண்டெக்ஸுக்கு என் பரிந்துரை: தழும்புப் புருவக் கோணம்.

- - -

ஐயா, நழுவுதன்மை ஓகே. ஆனா 'தழும்புப் புருவம்'னா டிசில எழுதற அங்க அடையாளம் மாதிரி இருக்கே, 'இடது புருவத்தில் ஒரு தழும்பு'ன்னு. மூலப்பேருலயே 'கூரை' இருக்குல்ல?

- - -

ஹாஹா, எனக்கு நிஜமாவே டிசில அப்படித்தான் எழுதியிருக்கு! சரி, 'தழும்புக் கூரைக் கோணம்'. பட்டைக்கு மட்டும் புருவத்த விட்டுக்குடுக்க மாட்டேன்.