மறுமொழி: ‘விரல்நுனிக் குத்து’ வேண்டாமே

வணக்கம்.

சோதனைக்காக விரலிலோ குதிகாலிலோ தோலைக் குத்திச் சில துளி ரத்தம் எடுப்பதுதான் ஸ்கின் பங்க்சர். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் இதுவரை வந்தவை மூன்று: ‘குருதி வாங்கல்’, ‘தோல் துளைப்பு’, ‘விரல்நுனிக் குத்து’. கோத்தகிரியில் ஆய்வக மாணவர்களுக்குக் குருதி எடுக்கக் கற்றுக்கொடுப்பவன் நான். மூன்றுமே எனக்கு ஒட்டவில்லை.

‘குருதி வாங்கல்’ சித்த மருத்துவத்தின் 32 புற மருத்துவ முறைகளில் ஒன்றாக ஏற்கெனவே இருக்கிறது. அது நோய் தீர்க்க எடுப்பது. நாம் எடுப்பது சோதனைக்குச் சில துளிகள். ‘தோல் துளைப்பு’ என்றால் எனக்குத் தச்சுப்பட்டறைதான் நினைவுக்கு வருகிறது. பச்சிளங்குழந்தையின் குதிகாலில் லான்செட் (குத்தும் சிறு கூர்முனை) 2 மி.மீ.க்கு மேல் இறங்கினால் எலும்பில் படலாம். அங்கே துளையிடும் பேச்சே கூடாது.

‘விரல்நுனிக் குத்து’தான் உண்மையில் ஆபத்தானது. போன டிசம்பரில் தேயிலை பறிக்கும் ஓர் அக்காவுக்கு மாணவன் ஒருவன் நகத்தை ஒட்டி, நுனியிலேயே குத்திவிட்டான். காலை ஏழு மணி, கை பனிக்கட்டி. இரண்டு துளியோடு நின்றுபோயிற்று. உடனே எலுமிச்சம்பழம் போல விரலைப் பிழிந்தான். திசுநீர் கலந்து, சிவப்பணுக்கள் உடைந்து, மாதிரி வீணாயிற்று. “நுனி என்றுதானே சார் சொன்னீர்கள்?” என்றான். நான்தான் சொல்லியிருந்தேன்.

குத்த வேண்டிய இடம் நடுவிரல் அல்லது மோதிர விரலின் மேல்கணுச் சதையில், நடுவிலிருந்து சற்று ஒதுங்கி, ரேகைகளுக்குக் குறுக்காக. குளிர்ந்த கையென்றால் வெதுவெதுப்பான துணியை மூன்று முதல் ஐந்து நிமிடம் சுற்றிவைக்க வேண்டும்; சூடு 42 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. ஸ்பிரிட் காய்ந்தபின் குத்தி, முதல் துளியைத் துடைத்துவிட வேண்டும்.

நீலகிரிப் பழங்குடியினரிடம் அரிவாள் அணுப் பண்பு (சிவப்பணுக்களை அரிவாள் போல வளையச் செய்யும் பரம்பரைக் கூறு) இருப்பதை லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் 1952இல் எழுதினார்கள். அதற்கான முதற்கட்டச் சோதனைக்கு இன்றும் விரல் ரத்தம் போதும். அப்படி அன்றாடம் புழங்கும் செயலுக்குச் சொல்லும் சிறியதாக இருக்கட்டும். என் பரிந்துரை: பொதுச்சொல் ‘குறுங்குத்து’, விரலில் என்றால் ‘விரற்சதைக் குத்து’. (தோல் + குத்து = தோற்குத்து என்று புணர்த்திப் பார்த்தேன். தோற்றுப்போனவன் குத்தியது போல் இருந்தது.)

*

ஐயா, குறுங்குத்துக்கு என் ஆதரவு. ஆழம் பெயரிலேயே இருக்கிறது. ஆனால் ‘சதை’ வேண்டாம். எங்கள் கொடைக்கானல் பக்கம் சதையில் போடும் ஊசி என்றால் இடுப்பில் போடுவது, மாணவர்கள் குழம்புவார்கள். லான்செட்டைக் குத்தூசி எனலாமா?

*

அம்மா, சதையை விட்டுவிடுகிறேன். விரல் குத்து, குதிகால் குத்து, இரண்டுக்கும் பொதுவாகக் குறுங்குத்து. எந்த இடத்தில் குத்துவது என்பதைப் படம் வரைந்தே காட்டிக்கொள்கிறேன். பெயருக்குள் திணிக்கப் பார்த்தது என் பேராசை. குதிகாலிலும் அடிப்பக்கத்தின் இரு ஓரங்கள்தான். பின்வளைவில் குத்தக் கூடாது. அதையும் பெயரால் சொல்ல முடியாது.

குத்தூசி மட்டும் வேண்டாம். இங்கே தேயிலைத் தொழிற்சாலையில் அது மூட்டை தைப்பது. குழந்தையை மடியில் வைத்திருக்கும் தாயிடம் “குத்தூசி எடு” என்ற குரல் கேட்டால், குதிகாலோடு குழந்தையையும் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். லான்செட் லான்செட்டாகவே இருக்கட்டும்.