சிங்கப்பூர் பிடிஓ அடுக்குமாடி வீட்டுக் கூரையில் காய்கறித் தோட்டம்: தேவையா, வீண் ஆடம்பரமா?

சங்குப்பூ:
போன ஞாயிறு அம்மாவைக் கூட்டிக்கொண்டு கம்போங் அட்மிரல்ட்டிக்குப் போயிருந்தேன். 2018-ல் திறந்த வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டடம். அதே ஆண்டு உலகக் கட்டடக்கலை விழாவில் ஆண்டின் சிறந்த கட்டடமாகத் தேர்வானது. கீழே திறந்த முற்றம், மேலே உணவங்காடி, மருத்துவ நிலையம், எல்லாவற்றுக்கும் மேல் படிப்படியாக ஏறும் தோட்டம். பாத்தியருகே இருந்த சீனப் பாட்டி அம்மாவுக்குப் பாண்டன் இலை நாலு பறித்துக் கொடுத்தார். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி கிடையாது, கால்மணி நேரம் சைகையிலேயே ஓடியது. புதிதாகக் கட்டும் எல்லா பிடிஓவிலும் (முன்பதிவு வாங்கிக் கட்டும் வீவக வீடுகள்) இப்படி ஒரு விளைநிலத்தை வரைபடத்திலேயே சேர்த்தால் என்ன?

ஈசூன்காரன்:
விருது வாங்கிய ஒரு கட்டடத்தை வைத்து ஊர் முழுக்கக் கணக்குப் போடாதீர்கள். அங்கே 0.9 ஹெக்டேர் நிலத்தில் முதியோருக்கான 104 சின்ன வீடுகள்தான். வீட்டுக்காகக் காத்திருக்கும் இளம் ஜோடியிடம் போய், "செலவு கூடும், ஆனால் கத்தரிக்காய் உண்டு" என்று சொல்லிப் பாருங்கள்!

விளைச்சலையும் பாருங்கள். நம் சாப்பாட்டில் 90 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி. 2030-க்குள் 30 விழுக்காட்டை இங்கேயே விளைவிப்போம் என்று 2019-ல் வைத்த இலக்கை அரசே 2025-ல் கைவிட்டு, 2035-க்கு வேறு இலக்கு வைத்தது. பெரிய பண்ணைகளே திணறும்போது மாடிப் பாத்தி என்ன செய்யும்? அப்புறம் கொசு. தொட்டித் தட்டில் தேங்கும் தண்ணீருக்கு யார் பொறுப்பு?

சங்குப்பூ:
அண்ணே, அது ஊருக்கே சோறு போடும் என்று நான் எங்கே சொன்னேன்? எங்கள் புளோக்குக்கு வந்து பத்து வருஷம் ஆகிறது, எதிர்வீட்டுக்காரர் பெயர் தெரியாது. மின்தூக்கியில் பார்த்தால் ஆளுக்கொரு கைப்பேசியைப் பார்க்கிறோம். கூரை எப்படியும் சும்மாதானே கிடக்கிறது? அங்கே வீடு வரப்போவதில்லையே.

அண்ணாநகர்_மாடி:
சென்னையிலிருந்து எழுதுகிறேன். 'சும்மா கிடக்கிறது' என்று நம்பித்தான் நாங்களும் மாட்டிக்கொண்டோம். ஆள் போகவர இருக்கும் மொட்டைமாடிக்கு இந்தியத் தர விதி கணக்கில் எடுப்பது சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. ஈர மண்ணை ஓரடி ஆழத்துக்குப் பரப்பினால் 500 கிலோவைத் தொடும். எங்கள் குடியிருப்பில் பைகளில்தான் கீரை போட்டோம், அதனால் எடை பிரச்சினை இல்லை. ஆனால் பைகளுக்கு அடியில் ஈரம் காயவே இல்லை. அந்த ஐப்பசி மழையில் மேல்தள வீட்டுப் படுக்கையறையில் சொட்ட ஆரம்பித்தது. சங்கக் கூட்டத்தில் கீரையைத் தின்றவர்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை.

பிறகு தென்னைநார்க் கழிவுக்கு மாறினோம், பைகளுக்கு இரும்பு ஸ்டாண்ட் போட்டோம். இப்போது பரவாயில்லை. ஆனால் சுமை, நீர்க்காப்பு, வடிகால் மூன்றும் கட்டும்போதே வந்திருக்க வேண்டியவை. அந்த வகையில் சங்குப்பூ கேட்பது சரிதான்.

பழைய_தோட்டக்குழு:
நீங்கள் கூரையைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் தரையிலேயே தோற்றவன். தேசியப் பூங்காக் கழகம் 2005-ல் 'கம்யூனிட்டி இன் புளூம்' திட்டத்தைத் தொடங்கியதல்லவா, அதற்குச் சில வருஷம் கழித்து எங்கள் புளோக்கின் கீழும் தோட்டம் போட்டோம். முதல் ஆறு மாதம் வேலி இல்லை. மிளகாய் பழுக்கும்வரை நாங்கள் காத்திருந்தோம், மற்றவர்கள் காத்திருக்கவில்லை. வேலியும் பூட்டும் போட்டதும் "இதென்ன உங்கள் அப்பன் வீட்டுத் தோட்டமா" என்று கேட்டார்கள். சாவி மூன்று பேரிடம் இருந்தது, மூவரும் எழுபதைத் தாண்டியவர்கள்.

குழாய் வெற்றுத் தளத்தின், அதாவது புளோக்கின் அடியில் வீடில்லாமல் திறந்து கிடக்கும் தளத்தின், மறுகோடியில். வெயில் நாளில் பன்னிரண்டு நடை, கையில் வாளி. எனக்கு முழங்கால் போனது, இன்னொருவருக்கு இடுப்பு. புடலைப் பந்தல் காய்ந்து தொங்கியதைப் பார்த்து யாரோ புகார் கொடுத்தார்கள், பிடுங்கிவிட்டோம். குழாய் எங்கே இருக்கிறது என்று சொல்லுங்கள், தோட்டம் எத்தனை வருஷம் தாங்கும் என்று நான் சொல்கிறேன்.

ஈசூன்காரன்:
நான் சொல்ல வந்ததும் இதுதான். எல்லாருக்கும் பொது என்றால் தண்ணீர் ஊற்ற ஆள் இருக்காது. பூங்காக்களில் வாடகைப் பாத்தி விடுகிறார்களே, இரண்டரை மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், மூன்று வருஷத்துக்கு. தொடங்கியபோது ஆண்டு வாடகை வரி நீங்கலாக 57 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). யார் பாத்தி, யார் பொறுப்பு என்பது தெளிவு.

சங்குப்பூ:
அதற்குக் குலுக்கலில் பெயர் வரவேண்டும். வந்தாலும் பூங்கா வரை அம்மாவால் நடக்க முடியாது. மின்தூக்கி ஏறிப் போகிற தூரத்தில் இருந்தால்தான் அவர் போவார். வாடகைப் பாத்தியையே புளோக்குக்குள் கொண்டுவாருங்கள் என்கிறேன், பூட்டுச் சண்டையும் தீரும்.

பழைய_தோட்டக்குழு:
பாத்தி இடுப்புயரத்தில் இருக்கட்டும், தம்பி. குனிய முடியாதவர்கள்தான் காலையில் ஐந்தரைக்கே வருவார்கள்.

ஈசூன்காரன்:
சரி, குழாய் பக்கத்தில், பாத்தி இடுப்புயரத்தில், பெயர்ப்பலகையோடு என்றால் நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் பலமாடிக் கார்நிறுத்துமிடத்தின் உச்சியில் வையுங்கள். கார்களைத் தாங்கக் கட்டிய தளம் அது, பண்ணைகளுக்கு ஏற்கெனவே வாடகைக்கும் விட்டிருக்கிறார்கள். வீட்டுக் கூரை மட்டும் வேண்டாம். எங்கள் புளோக்கில் மேல்மாடி வீடு என்னுடையது.