தேக்கு ஜன்னலில் கண்ணாடிப் பட்டி உதிர்கிறது: எதை வைத்து அடைப்பது?

கேள்வி:
பழைய வீட்டுத் தேக்கு ஜன்னல். கண்ணாடியைச் சுற்றி அதைப் பிடித்து நிறுத்தும் பட்டி (putty) வெடித்துத் துண்டு துண்டாக விழுகிறது. வால் பட்டி (wall putty) பூசினோம், மூன்றே மாதத்தில் பெயர்ந்துவிட்டது. 3 மி.மீ. கண்ணாடி, உடையவில்லை. சிலிகான் போடலாமா?

பதில் 1:
வால் பட்டி வெள்ளை சிமெண்ட் சரக்கு, சுவருக்கானது. மரம் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். சிமெண்ட் அதோடு சேர்ந்து அசையாது, பெயர்ந்துவிடும். சிலிகானும் வேண்டாம். அதன்மேல் பெயிண்ட் பிடிக்காது, பின்னால் கண்ணாடி மாற்றுவதும் பெரும்பாடு.

லின்சீட் ஆயில் (ஆளி விதை எண்ணெய்) பட்டிதான் சரி. 1 கிலோ நைசான சாக் பவுடருக்கு டபுள் பாயில்டு லின்சீட் ஆயில் சுமார் 200 மி.லி. மொத்தமாக ஊற்றாமல் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, கையில் ஒட்டாத சப்பாத்தி மாவுப் பதம் வரும்வரை பிசையுங்கள்.

பூசுமுன் காடியை, அதாவது சட்டத்தில் கண்ணாடி உட்காரும் பள்ளத்தை, சுரண்டி, பாதி ஆயில் பாதி டர்பன்டைன் கலந்து அடித்து ஒரு நாள் காயவிடுங்கள். பலரும் விடுவது இதைத்தான். காய்ந்த மரம் பட்டியின் எண்ணெயை உறிஞ்சிவிடும், மிஞ்சுவது வெறும் சாக்பொடி.

முதலில் காடியில் 2 மி.மீ. பட்டி விரித்து, அதன்மேல் கண்ணாடியை ஓரங்களில் மட்டும் அழுத்துங்கள். 20 செ.மீ.க்கு ஒரு தலையில்லாத சின்ன ஆணி. பிறகு வெளிப்பக்கம் பட்டியைச் சரிவாக இழுங்கள், தண்ணீர் வழிந்தோட வேண்டும்.

பதில் 2:
பழைய பட்டியை எடுக்கும்போது உளியைக் கண்ணாடிப் பக்கம் நெம்பாதீர்கள், மரத்தை ஒட்டியே தட்டுங்கள். ஹீட் கன் வேண்டாம்: ஒரே இடத்தில் சூடு ஏறினால் கண்ணாடி விரிசல் விடும். பழைய பெயிண்டில் ஈயமும் இருக்கலாம். தண்ணீர் தெளித்துச் சுரண்டுங்கள், மாஸ்க் போடுங்கள், குழந்தைகளை அண்டவிடாதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
பெயிண்ட் எப்போது? பட்டிக்குப் பதில் மர பீடிங் (மெல்லிய மரச் சட்டம்) அடித்தால் போதுமா?

பதில் 1:
மேலே தோல் கட்டி, விரலால் அழுத்தினால் தடம் விழாத நிலை வரட்டும். இரண்டு வாரமாவது ஆகும். ஆயில் பெயிண்ட் கண்ணாடி மேல் 2 மி.மீ. ஏறி நிற்கட்டும். கண்ணாடியும் பட்டியும் சேரும் இடுக்கில்தான் தண்ணீர் இறங்கும். பீடிங் அடித்தாலும் கண்ணாடிக்கு அடியில் பட்டி வேண்டும், இல்லையென்றால் பீடிங்குக்குப் பின்னால் ஈரம் தேங்கிச் சட்டம் உளுத்துப்போகும்.

பதில் 3:
ஒன்று மறக்க வேண்டாம். லின்சீட் ஆயில் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கலாம். வெளியே தனித்தனியாக விரித்துக் காயப்போடுங்கள்.